இளைப்பாறும் பறவையும் இயற்கை ஒளியும்

பறக்கும் பறவையைப் படமெடுப்பது அரிது, அமர்ந்திருக்கும் பறவையை எடுப்பது எளிது என்ற எண்ணத்துடனேயே நம்மில் பலர் கேமராவைக் கையில் எடுக்கிறோம். கிளையில் கண்மூடி அமர்ந்திருப்பது எங்கே போய்விடப் போகிறது? நிதானமாகக் குறிபார்த்து, வேண்டிய மட்டும் நெருங்கி, எடுத்துக்கொள்ளலாம் என்பது நம் கணக்கு. இக்கணக்கின் முற்பாதி ஓரளவு சரி. பிற்பாதியில்தான் பிழை இருக்கிறது. நெருங்க நெருங்கப் பறவை விழிக்கிறது, விழித்தது எழுகிறது. அவ்வாறு எழுந்துவிட்டால் நமக்கு நட்டம் ஒரு படம் மட்டுமே. பறவைக்கு நேரும் நட்டம் அதைவிடப் பெரிது.

பறவையின் ஓய்வு சோம்பல் அன்று. அதுவும் ஒரு வேலையே. குளிர்கால இரவு முழுவதும் உடல்வெப்பத்தைக் காப்பதற்குச் சேர்த்து வைத்த கொழுப்பைச் சிறுகச் சிறுக எரித்த பறவை, பகலில் இரை தேடி அதை ஈடுசெய்கிறது. நடுவில் கிடைக்கும் ஓய்வில்தான் சிறகுகளைக் கோதிச் சீர்செய்கிறது, செரிமானம் நடக்கிறது, உறக்கமும் அப்போதுதான். ஒற்றைக் காலில் நின்று மற்றதை வயிற்றுத் தூவிக்குள் இழுத்துக்கொள்வதும், அலகை முதுகுச் சிறகுக்குள் புதைத்துக்கொள்வதும் வெப்பம் வெளியேறாமல் தடுக்கும் வழிகள். பறத்தலோ, அது செய்யும் செயல்களிலெல்லாம் மிகுந்த ஆற்றலைக் கோருவது; குறிப்பாகத் தரையிலிருந்தோ நீரிலிருந்தோ திடீரென எழும்புதல். வரவும் செலவும் அறிந்த நம் வாசகர்களுக்கு விளக்க வேண்டியதில்லை: ஒவ்வொரு வீண் எழும்பலும் முதிர்வுக்கு முன்பே உடைக்கப்பட்ட வைப்பு.

உறங்கும் பறவை முழுவதுமாக உறங்குகிறது என்பதற்கும் உறுதியில்லை. காட்டு வாத்துகளை ஆராய்ந்து 1999-ஆம் ஆண்டில் வெளியான ஓர் ஆய்வு வியப்பூட்டும் செய்தியைச் சொன்னது. கூட்டத்தின் ஓரத்தில் உறங்கும் வாத்து ஒரு கண்ணைத் திறந்தே வைத்திருக்கிறது. அதுவும் வெளிப்புறம் நோக்கிய கண்ணை. மூளையின் ஒரு பாதி உறங்க, மறுபாதி காவல் காக்கிறது. ஆகவே, ‘அது தூங்குகிறது, நம்மைக் கவனிக்கவில்லை’ என்று நாம் நினைக்கும் வேளையில், நம்மை அளந்துகொண்டிருக்கும் கண் ஒன்று எப்போதும் உண்டு எனக் கொள்வதே நல்லது.

பரத்பூரின் காலை

இக்கலையைப் பழகுவதற்கு நம் நாட்டில் மிகப் பொருத்தமான இடங்களுள் ஒன்று ராஜஸ்தானின் பரத்பூரில் உள்ள கேவலாதேவ் தேசியப் பூங்கா. டெல்லியிலிருந்து சுமார் 180 கிலோமீட்டர், ஆக்ராவிலிருந்து சுமார் 55 கிலோமீட்டர். பரப்பளவு சுமார் 29 சதுர கிலோமீட்டர்தான். ஒரு நாளிலேயே பெரும்பகுதியைச் சுற்றிவிடலாம். ஆனால் அச்சிறிய பரப்பில் 350-க்கும் மேற்பட்ட பறவை இனங்கள் பதிவாகியுள்ளன. 1981-இல் ராம்சார் ஈரநிலமாகவும், 1985-இல் யுனெஸ்கோவின் உலகப் பாரம்பரியக் களமாகவும் அறிவிக்கப்பட்டது. அப்பகுதி மக்கள் இதைக் ‘கனா’ என்பர். அடர்ந்த காடு என்று பொருள். தமிழ்க் காதுக்கு அச்சொல் வேறொன்றாக ஒலிப்பதும் இவ்விடத்துக்குப் பொருத்தமாகத்தான் இருக்கிறது.

இவ்விடத்தின் பழைய கதை இனிமையானது அன்று. பரத்பூர் மன்னர்களின் வாத்து வேட்டைக் களமாகவே இது பேணப்பட்டது. கேவலாதேவ் கோயிலுக்கு அருகே உள்ள கற்பலகைகளில் எந்த நாளில் யார் வந்து எத்தனை பறவைகளைச் சுட்டனர் என்ற பட்டியல் இன்றும் பொறிக்கப்பட்டு நிற்கிறது. 1938 நவம்பர் 12-ஆம் நாள், அன்றைய வைஸ்ராய் லின்லித்கோ பிரபு கலந்துகொண்ட வேட்டையில் வீழ்ந்தவை 4,273. மன்னர் குடும்பத்தாரின் வேட்டை உரிமை முற்றிலும் முடிவுக்கு வந்தது 1972-இல்தான். பறவையியல் அறிஞர் சலீம் அலி போன்றோரின் விடாமுயற்சியால் இது சரணாலயமாகக் காப்பாற்றப்பட்டது. துப்பாக்கியேந்தியவர்கள் மறைந்து காத்திருந்த அதே நீர்க்கரைகளில் இன்று கேமராக்கள் காத்திருக்கின்றன. கருவி மாறிவிட்டது, நெருங்க வேண்டும் என்ற ஆசையோ மாறவில்லை என்பதை மனத்தில் வைத்துக்கொண்டு மேலே செல்வோம்.

அக்டோபர் முதல் மார்ச் வரை வடக்கேயிருந்து வலசை வரும் பறவைகளின் காலம். இமயத்தைத் தாண்டி வரும் வரித்தலை வாத்து, ஊசிவால் வாத்து, கிளுவை எனப் பலவும் இங்கே குளிர்காலத்தைக் கழிக்கின்றன. முன்னொரு காலத்தில் இவ்விடத்துக்கே புகழ் சேர்த்த சைபீரியக் கொக்குகள் 2002-க்குப் பிறகு இங்கே வருவதில்லை. வந்து சேர்ந்த பறவைகளைப் பொறுத்தவரை, பயணக் களைப்பைத் தீர்த்துக்கொண்டு திரும்பிச் செல்லும் நெடும்பயணத்துக்கு உடலைத் தயாரிக்கும் இடம் இது. நாம் காணும் ஓய்வின் பின்னணி அது.

ஒளியைப் பற்றி இனிக் கூறுவோம். கதிரவன் எழுந்த முதல் ஒன்றரை மணி நேரமும், மறைவதற்கு முந்தைய ஒன்றரை மணி நேரமும் மிகச் சிறந்தவை என்பது எல்லோரும் அறிந்ததே. ஏன் என்பதைத்தான் பலர் கேட்பதில்லை. கதிர் தாழ்வாக வரும்போது பறவையின் கண்மட்டத்தில் ஒளி விழுகிறது. புருவ மேட்டின் நிழல் கண்ணை மறைப்பதில்லை. கண்ணில் ஒரு சிறு ஒளிப்புள்ளி தோன்றுகிறது. அப்புள்ளி இருந்தால் உறக்கக் கலக்கத்தில் பாதி மூடிய கண்ணுக்கும் உயிர் வந்துவிடும். நடுப்பகலில் மேலிருந்து விழும் ஒளி முதுகை வெளுப்பாக்கி, வயிற்றையும் கண்ணையும் இருளில் தள்ளிவிடும். தென்னாட்டினர் குறித்துக்கொள்ள வேண்டிய மற்றொன்றும் உண்டு: டிசம்பர், ஜனவரி மாதங்களில் வட இந்தியாவில் கதிரவன் நடுப்பகலிலும் தெற்குவானில் சாய்ந்தே இருப்பதால், பயன்படுத்தத்தக்க ஒளி நம் ஊரைவிடக் கூடுதல் நேரம் நீடிக்கும்.

பரத்பூரின் குளிர்காலக் காலைகளில் பெரும்பாலும் கதிரவனுக்கு முன் மூடுபனி வந்துவிடுகிறது. இதைக் கண்டு மனம் தளர்ந்து விடுதிக்குத் திரும்புவோரும் உண்டு. நம் கருத்தில், இளைப்பாறும் பறவையைப் படமெடுக்க இதைவிட நல்ல ஒளி வேறில்லை. மூடுபனி வானத்தையே ஒரு பெரிய வெள்ளைத் திரையாக்கி, எல்லாப் பக்கமிருந்தும் மென்மையான ஒளியைப் பரப்புகிறது. பின்னணியின் குழப்பத்தை மறைத்துவிடுகிறது. கருவேல மரத்தின் கரிய கிளைமீது குறுகி அமர்ந்த ஒரு மடையான், கோட்டோவியம் போல் தனித்துத் தெரிகிறது. ஆனால் கேமராவின் ஒளியளவி இங்கே ஏமாறும். அது காணும் அனைத்தையும் நடுத்தரச் சாம்பல் நிறமாகக் கருதியே கணக்கிடுவது. ஆதலால் வெண்பனியையும் சாம்பலாக்கி, படத்தை இருட்டாக்கிவிடும். ஒளிச் சரிக்கட்டலை முக்கால் முதல் ஒரு படி வரை கூட்டி வைத்தால் பனி பனியாகவே பதிவாகும்.

இதே தத்துவம் எதிர்த்திசையிலும் செல்லும். இருண்ட நீர்ப்பின்னணியில் வெயிலில் நிற்கும் வெண்கொக்கை எடுக்கும்போது, ஒளியளவி இருளைக் கண்டு அளவுக்கு மீறி ஒளியை அனுமதிக்கும். இறகின் நுணுக்கம் அனைத்தும் வெள்ளைச் சுண்ணாம்பாகிவிடும். அங்கே முக்கால் அல்லது ஒரு படி குறைக்க வேண்டும். வெளிர்வானத்தைப் பின்னணியாகக் கொண்டு சிறகை விரித்து உலர்த்தும் நீர்க்காகத்துக்கும் பாம்புத் தாராவுக்கும் ஒரு படிக்கு மேலும் கூட்ட நேரும். இவ்வளவையும் மனப்பாடம் செய்ய வேண்டியதில்லை. பறவை தன் பின்னணியைவிட வெளிறியதா, கரியதா என்று கேட்டுக்கொண்டு, திரையில் ஒரு முறை சரிபார்த்தால் போதும். அமர்ந்திருக்கும் பறவை அதற்கு நேரம் தரும்.

அந்த நேரமே இங்கு நமக்குக் கிடைக்கும் பெரிய சலுகை. பறக்கும் பறவைக்கு நொடியில் இரண்டாயிரத்தில் ஒரு பங்கு ஷட்டர் வேகம் கேட்கும் நாம், உறங்கும் பறவைக்கு நூறில் ஒரு பங்கிலும் தெளிவான படம் பெறலாம். ஷட்டர் மெதுவாகும்போது ஐஎஸ்ஓ அளவைத் தாழ்வாக வைக்க முடிகிறது; இறகின் நிறமும் இழையும் கெடாமல் வருகின்றன. இதற்குத் தேவை அசையாத ஒரு தாங்கி மட்டுமே. முக்காலி இல்லாதவர்கள் ஒரு சிறு துணிப்பையில் அரிசியோ பயறோ நிரப்பிக்கொண்டால், ரிக்‌ஷாவின் கைப்பிடிமேலோ தடுப்புச் சுவரின்மேலோ வைத்து லென்ஸை அதில் அழுத்திக்கொள்ளலாம். காற்றில் கிளை ஆடும், பறவையும் மூச்சுவிடும். கிளை ஒரு பக்கம் போய்த் திரும்பும் அந்தக் கணத்தில் நான்கைந்து படங்களைத் தொடர்ந்து எடுத்தால் ஒன்றாவது கூர்மையாக அமையும்.

கருவியைப் பற்றி ஒரு சொல். ஒரு வங்கியின் இதழில் இதைக் கூறுவது விந்தையாகத் தோன்றலாம். ஆயினும், தொடக்கத்திலேயே கடன் பெற்று விலையுயர்ந்த லென்ஸ் வாங்க வேண்டிய அவசியம் இல்லை. நெடுங்குவிய லென்ஸ் உதவுவது உண்மை. 300 அல்லது 400 மில்லிமீட்டர் இருந்தால் வசதி. ஆனால் மரமும் நீரும் பனியும் சூழப் பறவை சிறிதாக அமர்ந்திருக்கும் படம், சட்டத்தை முழுதும் நிறைக்கும் முகப்படத்தைவிடப் பலமுறை கூடுதலாகப் பேசுகிறது. தமிழிலும் ஆங்கிலத்திலும் எழுதிய இயற்கையியலாளர் மா. கிருஷ்ணன், பல பாகங்களைத் தாமே ஒட்டுப்போட்டு இணைத்த கேமராவைக் கொண்டே கறுப்பு வெள்ளையில் காட்டுயிர்ப் படங்களை எடுத்தார். அக்கருவிக்குக் கேலியாக ஒரு பெயரும் சூட்டியிருந்தார். விலங்கின் இயல்பை அறிந்திருந்ததே அவரது முதன்மையான கருவி.

நிழலில் ஓர் ஆந்தை

நீர்க்கரையைவிட்டு மரச்செறிவுக்குள் வந்தால் ஒளியின் விதிகள் மாறிவிடுகின்றன. கேவலாதேவின் மரங்களில் புள்ளி ஆந்தையையும் சிறு காது ஆந்தையையும் பகலில் காணலாம். காது ஆந்தை அடிமரத்தை ஒட்டி, காதுத் தூவிகளை நிமிர்த்தி, உடலை ஒடுக்கி, பட்டையோடு பட்டையாக அமர்ந்திருக்கும். இன்னும் அரிய காட்சி பக்கி. உதிர்ந்த சருகுகளுக்கிடையிலோ, கிளையின் குறுக்கே அல்லாமல் நீளவாக்கிலோ படுத்திருக்கும் அப்பறவை, கண்களை ஒரு கீற்றளவுக்கு மூடிவைத்திருக்கும். பத்தடி தொலைவில் நின்றுகொண்டு, ரிக்‌ஷாக்காரர் விரல்நீட்டிக் காட்டியும் காண இயலாமல் தவிப்போரை அங்கே அடிக்கடி பார்க்கலாம்.

இலைகளின் இடைவெளி வழியே விழும் வெயில் இங்கே பகை. பறவையின்மேல் வெளுத்த திட்டுகளும் கரிய திட்டுகளும் மாறி மாறி விழ, எந்த அளவும் இரண்டுக்கும் ஒருங்கே பொருந்தாது. ஒரு மேகம் வரும்வரையிலோ, கதிர் நகர்ந்து பறவை முழு நிழலுக்குள் வரும்வரையிலோ காத்திருப்பதே வழி. நிழலில் இலைகளின் பச்சை பறவையின் மார்பிலும் படியும்; வெண்சமனைச் சரிசெய்தால் அது பெரும்பாலும் நீங்கும். பக்கியின் உடலில் உள்ள சாம்பலும் பழுப்பும் கருமையும் கலந்த நுண்வரிகள் இத்தகைய தட்டையான நிழலொளியில்தான் முழுமையாகப் பதிவாகின்றன.

இந்த இடத்தில்தான் சிலர் ஒளிவெட்டைக் கையில் எடுக்கின்றனர். அதை நாம் ஏற்கவில்லை. இரவில் இரை தேடும் பறவையின் கண் மங்கிய ஒளியைச் சேகரிப்பதற்கென்றே அமைந்தது. திடீர் ஒளி அதைக் கூசவைக்கும். அது ஒருபுறமிருக்க, படத்தின் நோக்கிலும் ஒளிவெட்டு தோல்வியே. பக்கியின் அழகு அது தெரியாமல் இருப்பதில் உள்ளது. அதைப் பளீரெனப் பின்னணியிலிருந்து வெட்டியெடுக்கும் ஒளி, அப்பறவையைப் பற்றிய மிக முக்கியமான செய்தியையே அழித்துவிடுகிறது.

பகலில் ஓய்விடத்தைவிட்டு எழும் ஆந்தைக்கும் பக்கிக்கும் நேர்வது களைப்பு மட்டும் அன்று. ஆந்தை வெளிப்பட்டவுடன் காகங்களும் கரிச்சான்களும் கூடிக் கத்தித் துரத்தத் தொடங்கும். வேறு மறைவிடம் தேடி அது மரத்துக்கு மரம் அலைய நேரும். பக்கியின் காப்பு முழுவதும் அசையாதிருப்பதிலும் நிறத்திலுமே உள்ளது. எழும்பிய மறுகணம் அக்காப்பு இல்லை. வல்லூறு போன்ற வேட்டைப் பறவைகள் பகலில்தான் உலவுகின்றன.

எவ்வளவு தொலைவு?

‘எத்தனை அடி தள்ளி நிற்க வேண்டும்?’ என்று எண்ணைக் கேட்போர் உண்டு. எல்லாப் பறவைக்கும் பொருந்தும் எண் ஏதும் இல்லை. மனிதரைப் பார்த்துப் பழகிய சாலையோர மடையான் சில அடிகளில் பொறுக்கும். ஏரி நடுவே உள்ள வாத்துக்கூட்டம் ஐம்பது மீட்டரிலேயே தலை தூக்கும். எண்ணைவிட அறிகுறிகளே நம்பத்தக்கவை. பொதிந்த அலகு வெளியே வருவது முதல் அறிகுறி. தூவிகள் படிந்து உடல் மெலிந்து நீள்வது, கழுத்து உயர்வது, கூட்டத்தில் ஒவ்வொன்றாகத் தலைகள் நிமிர்வது அடுத்தவை. புள்ளி ஆந்தை தலையை மேலும் கீழும் ஆட்டி நம்மை உற்று நோக்கினால், அதை அழகான காட்சியென்று ரசிக்காமல் எச்சரிக்கை என்றே கொள்ள வேண்டும். சில பறவைகள் எழும்புவதற்குச் சற்று முன் எச்சமிடும். அப்போது காலம் கடந்துவிட்டது. முதல் அறிகுறியிலேயே நின்றுவிட வேண்டும். இரண்டடி பின்வாங்கிச் சில நிமிடம் அசையாதிருந்தால் அலகு மீண்டும் சிறகுக்குள் செல்வதைக் காணலாம். அதன்பின் எடுக்கும் படமே ஓய்வின் படம். அதற்குமுன் எடுத்ததெல்லாம் நம்மைக் கண்டு மிரண்ட ஒரு பறவையின் படம். எடுத்த படங்களை வீட்டில் புரட்டும்போது இவ்வேறுபாடு கண்ணில் பட்டுவிடும்.

கேவலாதேவில் இதற்கு ஒரு நல்ல ஏற்பாடு இருக்கிறது. உட்பகுதிக்கு மோட்டார் வண்டிகள் செல்வதில்லை. நடந்தோ, மிதிவண்டியிலோ, ரிக்‌ஷாவிலோ செல்ல வேண்டும். ரிக்‌ஷா ஓட்டுவோர் பலர் பயிற்சி பெற்ற வழிகாட்டிகள். எந்த மரத்தில் எந்த ஆந்தை என்பது அவர்களுக்கு அத்துப்படி. ரிக்‌ஷாவைக் கண்டு பழகிவிட்ட பறவைகள் அதற்கு அவ்வளவாக அஞ்சுவதில்லை. நாம் இறங்கி நடந்தால் அஞ்சுகின்றன. எனவே இருக்கையிலிருந்தே எடுப்பது சோம்பேறித்தனம் அன்று. இறங்கியே ஆகவேண்டுமெனில், பறவையை நோக்கி நேராகச் செல்லாமல் சாய்வாக, நின்று நின்று செல்லலாம். காலை வெயிலில் நம் நிழல் நம்மைவிட நெடிது. அது பறவைமேல் விழாதபடி பார்த்துக்கொள்வது எளிதில் மறக்கப்படும் ஒரு செயல். கேமராவில் ஓசையற்ற ஷட்டர் இருந்தால் அதை இயக்கிக்கொள்ளலாம்.

வழிகாட்டியிடம் முன்கூட்டியே ஒன்றைச் சொல்லிவைப்பது பயன்தரும்: பறவை கண்ணைத் திறக்காவிட்டாலும் பரவாயில்லை, கைதட்டவோ கிளையை அசைக்கவோ வேண்டாம் என்று. வாடிக்கையாளர் மனம் குளிர வேண்டும், அன்பளிப்பு கூட வேண்டும் என்ற எண்ணத்தில் சில இடங்களில் சிலர் அவ்வாறு செய்வதுண்டு. குற்றம் அவர்களுடையது மட்டும் அன்று. கைப்பேசியில் பறவைக்குரலை ஒலிக்கவிட்டு அழைப்பதும், மறைக்கும் கிளையை ஒடிப்பதும் அதே வகையின. சட்டமும் இவ்விஷயத்தில் வாய்மூடி இருக்கவில்லை. 1972-ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம், சரணாலயத்தில் விலங்கைச் சீண்டுவதைத் தடைசெய்கிறது; பறவையின் முட்டைகளையோ கூட்டையோ குலைப்பதை ‘வேட்டை’ என்ற சொல்லின் பொருளுக்குள்ளேயே அடக்குகிறது. கூட்டில் அமர்ந்திருக்கும் பறவையை இளைப்பாறும் பறவையாகக் கருதி நெருங்கலாகாது என்பதற்கு இது ஒன்றே போதும். படத்தைப் பிறருடன் பகிரும்போது, ஆந்தையின் ஓய்வு மரத்தைத் துல்லியமாக அடையாளம் காட்டாமல் பூங்காவின் பெயரோடு நிறுத்திக்கொள்ளலாம். ஓர் ஆந்தை ஒரே கிளைக்கு நாள்தோறும் திரும்பி வரும் வழக்கமுடையது. நாம் வெளியிடும் முகவரி நாளையும் செல்லுபடியாகும்.

செல்லவிருப்போருக்குச் சில நடைமுறைக் குறிப்புகள். மங்கிய நிற உடை, காதை மூடும் கம்பளித் தொப்பி, விரல் நுனி திறந்த கையுறை ஆகியவை தேவை. குளிரில் மின்கலம் விரைவில் தளரும். மாற்று மின்கலத்தைச் சட்டையின் உட்பையில் வைக்கலாம். வெளிக்குளிரிலிருந்து சூடான அறைக்குள் நுழையும்போது கேமராவை உடனே வெளியே எடுத்தால் லென்ஸில் நீர் படியும். அரைமணி நேரம் பைக்குள்ளேயே இருக்கட்டும்.

மாலையில் மீண்டும் நீர்க்கரைக்கு வந்துவிடுவது நல்லது. நீர் நடுவே நிற்கும் கருவேல மரங்களுக்கு நாரைகளும் நீர்க்காகங்களும் அடைவதற்குத் திரும்பும் நேரம் அது. முதலில் இடத்துக்காகச் சிறிது சச்சரவு நடக்கும். பிறகு ஒவ்வொன்றாக அடங்கும். வானம் செம்மஞ்சளாக இருக்கையில் வானத்துக்கே ஒளியை அளந்து, பறவைகளைக் கரிய நிழலுருக்களாக விட்டுவிடலாம். கதிரவன் மறைந்தபின் பத்து நிமிடங்கள் வரை, தாங்கியின் துணையுடன் நொடியில் முப்பதில் ஒரு பங்கு வேகத்தில், கிளையும் அலகும் தெளிவாக இருக்கும் படங்கள் கிடைக்கும். அதற்குள் வாயிலை மூடும் நேரம் நெருங்கிவிடும். ரிக்‌ஷாக்காரரும் மணியை அடிக்காமல் மெல்லத் திருப்பிக்கொண்டிருப்பார்.